உரிமமும் ஆர்வமும்: மங்கா மொழிபெயர்ப்பின் இரு வழிகளும் பேராக் தமிழ் வாசகரும்

ஒரு நூல் வேற்று மொழிக்குச் செல்லும் வழிகள் இரண்டு. உரிமையாளரின் இசைவைப் பெற்று, அதற்குரிய பொருளையும் கொடுத்து, பதிப்பகம் ஒன்று வெளியிடுவது முதல் வழி. நூலை விரும்பிய வாசகரே, எவரையும் கேளாமல், ஊதியமும் கருதாமல் மொழிபெயர்த்துப் பிறருக்கு வழங்குவது இரண்டாம் வழி. ஜப்பானியச் சித்திரக்கதையாகிய மங்காவும், ஓவியங்கள் இடையிட்டு இளையோருக்கென எழுதப்படும் லைட் நாவல் என்னும் தொடர் நாவலும் ஆங்கிலத்தில் பரவிய ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாறு, இவ்விரு வழிகளுக்கும் இடையே நிகழ்ந்த பிணக்கின் வரலாறாகும்.

ஈப்போவிலும், ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாக விளங்கிய சுங்கை சிப்புட் முதலிய வட்டாரங்களிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இக்கதைகள் புதியன அல்ல. அவர்கள் அவற்றை ஆங்கிலத்திலோ மலாயிலோ வாசிக்கின்றனர். உரிமம் பெற்ற பதிப்பு மேலானதா, அன்பர்களின் மொழிபெயர்ப்பு மேலானதா என்னும் வாதம் அவர்களுக்கிடையே எழும்போது, தமிழ் அவ்வாதத்தில் இடம்பெறுவதே இல்லை. மொழிக்கழகம் ஒன்று இப்பொருளைக் கருத வேண்டிய காரணம் இதுவே.

முன்னோர் வாசித்தவை

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்து பேராக்கின் தோட்ட வாழ்வு தொடங்குகிறது. லயங்களில் குடியேறிய மக்களுக்கு எழுத்து எளிதில் வாய்க்கவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை நிருவாகத்தின்மீது சுமத்தியது. அப்பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறையின் கைகளுக்குத் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ஏடுகளும் நாவல்களும் போய்ச் சேர்ந்தன.

அந்த நாவல்களில் பல மொழிபெயர்ப்பின் வழியே பிறந்தவை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளைத் தழுவி, மாந்தர்க்குத் தமிழ்ப் பெயரிட்டு, நிகழிடத்தைத் தமிழ்நாட்டு ஊர்களாக்கி எழுதினர். மூல ஆசிரியர் இன்னார் என்று வாசகர் அறியாமலே பல கதைகள் வாசிக்கப்பட்டன. 1930களில் புதுமைப்பித்தன் இத்தழுவல் முறையை வன்மையாக எதிர்த்தார். பிறநாட்டுக் கதை பிறநாட்டுக் கதையாகவே தமிழில் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. எனினும், அத்தழுவல்களே ஒரு பெருந்தொகை வாசகரை உருவாக்கின என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

உரிமம் பெற்ற வழியும் தமிழுக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ், பிரிட்டனின் பிளீட்வே நிறுவனத்தின் சித்திரக்கதைகளை இசைவு பெற்று வெளியிட்டது. அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் அதனைத் தொடர்ந்தது. பதிப்பாளர் ஒருவர் கடல் கடந்து இசைவு கேட்டார், கொடுத்தவர்களும் இருந்தனர். சிறு மொழிச் சந்தைக்கு உரிமம் கிடைக்காது என்னும் எண்ணம் தவறென்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சான்று எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் நிகழ்ந்தது

மங்காவின் ஆங்கிலப் பதிப்பு வரலாற்றில் 1987 ஒரு திருப்பம். அதற்கு முந்தைய ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பெற்ற விஸ் நிறுவனம், எக்லிப்ஸ் என்னும் அமெரிக்கப் பதிப்பகத்தோடு இணைந்து மங்கா இதழ்களை அவ்வாண்டில் வெளியிட்டது. ஜப்பானிய நூல் வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. ஆங்கில வாசகருக்காகப் பக்கங்களைக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பி அச்சிட்டனர். வலக்கையால் வாள் ஏந்திய வீரர் இடக்கை வீரராயினர். 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் பக்கங்களைத் திருப்பாமல் மூலத்தின் போக்கிலேயே அச்சிட முற்பட்டது. பிறரும் அதனைப் பின்பற்றினர்.

இதற்கிடையில் 1990களின் இறுதியில் இணையம் வழியே அன்பர் குழுக்கள் தோன்றின. ஒருவர் நூலை ஸ்கேன் செய்வார், ஒருவர் மொழிபெயர்ப்பார், ஒருவர் எழுத்தை அழித்துப் புதிய எழுத்தைப் பொருத்துவார், மற்றொருவர் பிழை திருத்துவார். இம்முறை ஸ்கேன்லேஷன் எனப் பெயர் பெற்றது. லைட் நாவல்களுக்கு, 2006இல் தொடங்கிய பாகா-ட்சுகி என்னும் தன்னார்வத் தளம் இல்லமாயிற்று. ஹருஹி சுசுமியா நாவல்களை அன்பர்கள் அங்கே மொழிபெயர்க்கத் தொடங்கினர். உரிமம் பெற்ற ஆங்கில நூல் 2009இல்தான் வந்தது. ஆங்கில உரிமம் அறிவிக்கப்பட்டதும் தங்கள் மொழிபெயர்ப்பை நீக்கிக்கொள்வது அத்தளத்தின் நெறி.

பதிப்பகங்களின் சினத்திற்கும் காரணம் உண்டு. அன்பர்களின் உழைப்பை அவர்களே விற்கவில்லை. ஆனால் அதனைத் திரட்டி, விளம்பரம் வைத்துப் பொருளீட்டிய தளங்கள் பெருகின. 2010இல் ஜப்பானியப் பதிப்பகங்கள் 36உம் அமெரிக்கப் பதிப்பகங்கள் சிலவும் இத்தளங்களுக்கு எதிராக ஒரு கூட்டணி அமைத்தன. அவ்வாண்டிலேயே ஒன்மங்கா என்னும் பெருந்தளம் கதைகளை நீக்கியது. வாரந்தோறும் உறக்கமின்றி வரையும் ஓவியருக்கு ஒரு காசும் சேராமல் இலட்சக்கணக்கானோர் வாசிப்பது அறமாகாது என்னும் வாதத்தில் உண்மை இருக்கிறது.

அன்பர் பக்கத்திலும் ஓர் உண்மை உண்டு. உரிமம் பெற்றவர் நூலை முடித்தே தீர்வார் என்பதற்கு உறுதி இல்லை. 2011இல் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்புப் பணியை நிறுத்தியபோது பல தொடர்கள் இடையிலேயே நின்றன. மேலும், வாசகர் எதை விரும்புவர் என்பதைப் பதிப்பகத்துக்கு முன்னதாகக் கண்டறிந்தவர்களும் அன்பர்களே.

எல்லைக்கு வெளியே நிற்போர்

இப்பிணக்கிற்கு விடையாகவே புதிய சேவைகள் எழுந்தன. 2018 டிசம்பரில் விஸ் நிறுவனம் ஷோனென் ஜம்ப் கதைகளைக் குறைந்த கட்டணத்தில் வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது சென்றடைந்த நாடுகளுள் அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றோடு இந்தியாவும் சிங்கப்பூரும் பிலிப்பீன்சும் இருந்தன, மலேசியா இல்லை. ஒரே குடும்பத்தின் கிளைகள் மதுரையிலும் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் இருந்தால், முதல் இரு வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்தி நேர்மையாக வாசிக்கலாம். ஈப்போப் பிள்ளைக்கு அவ்வழி திறக்கப்படவில்லை. ஒரு மாதம் கழித்து, 2019 ஜனவரியில், ஷூயெய்ஷா நிறுவனம் தொடங்கிய மங்கா பிளஸ் சேவை மலேசியாவையும் உள்ளடக்கியது. பின்னர் ஸ்பானியம், தாய், இந்தோனேசியம், வியட்நாமியம் முதலிய மொழிகளும் அதில் சேர்ந்தன. தமிழ் சேரவில்லை.

ஆக, நாட்டெல்லை நீங்கினும் மொழியெல்லை நீங்கவில்லை. அன்பர் உலகிலும் பெரும்பான்மை உழைப்பு ஆங்கிலத்தை நோக்கியே செல்கிறது.

சட்டம் கண்ட வழி

மொழிபெயர்ப்பு உரிமையைச் சட்டம் எப்போதும் ஒரே அளவில் காத்ததில்லை. இந்தியாவின் 1914ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அந்நாட்டில் முதலில் வெளியான நூலுக்கு மொழிபெயர்ப்பின் தனியுரிமையைப் பத்தாண்டுக்கே வழங்கியது. அதற்குள் ஆசிரியர் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பை வெளியிடாவிடில், அம்மொழிக்கு வாயில் திறந்துவிடும். இதே பத்தாண்டு விதியை ஜப்பானும் கைக்கொண்டிருந்தது. 1899இல் பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த அந்நாடு, 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரை, மேலை நூல்களை மொழிபெயர்க்க இவ்விதியைப் பயன்படுத்தியது. இன்று தன் நூல்களைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் நாடு, தன் வளர்ச்சிக் காலத்தில் பிறமொழி அறிவை வேண்டிச் சட்டத்தைத் தளர்த்தி வைத்திருந்தது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இத்தகைய வாயில் ஒன்று உண்டு. அதன் 31ஆம் பிரிவு, வேற்றுமொழி இலக்கிய நூலை மொழிபெயர்த்து வெளியிடத் தீர்ப்பாயத்திடம் உரிமம் கோர வழி செய்கிறது. ஆனால் அவ்வழி தேசிய மொழியில் மொழிபெயர்ப்பதற்கே உரியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவோ எம்மொழியிலும் மொழிபெயர்க்க, ஏழாண்டு கழிந்தபின், உரிமம் கோர இடந்தருகிறது. எனவே மலேசியத் தமிழுக்குச் சட்டத்தின் குறுக்குவழி ஏதுமில்லை. உரிமையாளரை நேரில் கேட்பதே வழி.

தமிழின் தகுதி

கேட்பதற்குத் தகுதி உண்டா என்னும் வினா எழலாம். ஆங்கிலப் பதிப்பாளரும் அன்பர்களும் நெடுங்காலம் பூசலிட்ட ஒரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் ஒருவரை அழைக்கையில் பெயரோடு 'சான்', 'குன்', 'சாமா' முதலிய ஒட்டுகளைச் சேர்ப்பர். மூத்தவனை 'ஓனீ-சான்' என்றும், மூத்தவளை 'ஓனே-சான்' என்றும் விளிப்பர். உறவினர் அல்லாதாரையும் அவ்வாறு விளிப்பதுண்டு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேர்சொல் இல்லாமையால் பதிப்பாளர் பலர் நீக்கினர். அன்பர்கள் ஜப்பானியச் சொல்லையே வைத்துக் குறிப்பு எழுதினர்.

தமிழில் இச்சிக்கலின் பெரும்பகுதி எழுவதே இல்லை. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என உடன்பிறந்தாரை மூப்பும் இளமையும் வேறுபடுத்தி அழைப்பவர் நாம். கடைக்காரரை அண்ணே என்றும், அண்டை வீட்டாரை அக்கா என்றும் அழைக்கும் வழக்கம் தோட்டத்து லயங்களில் வேரூன்றியது. நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ஒருவர் மற்றவரை எங்கே நிறுத்துகிறார் என்பதை ஒரே சொல்லில் காட்டிவிடும். வினைமுற்று இறுதியில் வருவதும் இரு மொழிக்கும் பொது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் உண்மையை வெளிப்படுத்தும் ஜப்பானியக் கதைஞரின் உத்தியை ஆங்கிலம் முன்னும் பின்னுமாக மாற்றியமைக்க வேண்டும். தமிழ் அவ்வாறே ஏற்கும். ஆங்கிலம் வழியே இக்கதைகளை வாசிக்கும் நம் பிள்ளை, தன் தாய்மொழி காத்துத் தந்திருக்கக்கூடிய ஒன்றை இழந்து வாசிக்கிறது.

மூன்றாம் வழி

உரிமத்தையும் ஆர்வத்தையும் இணைத்த முன்மாதிரி மங்கா வரலாற்றின் தொடக்கத்திலேயே உண்டு. ஹிரோஷிமா அணுகுண்டில் உயிர்தப்பிய கெய்ஜி நகசாவா, 1973இல் 'ஹதாஷி நோ கென்' என்னும் மங்காவைத் தொடங்கினார். 1976இல் டோக்கியோவில் தன்னார்வலர் சிலர் 'பிராஜெக்ட் கென்' என்னும் குழுவாக இணைந்து, ஆசிரியரின் இசைவோடு, அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். முதல் தொகுதி 1978இல் வந்தது. வணிகப் பதிப்பகங்கள் மங்காவை நாடுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. அவர்கள் அன்பர்களே, ஆனால் கேட்டுச் செய்த அன்பர்கள்.

இம்மாநிலத்திற்கும் ஜப்பானுக்கும் இடையே கசந்த நினைவு ஒன்று உண்டு. 1941 முதல் 1945 வரை இம்மண் ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. அப்போது அம்மொழி ஆணையாக வந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே நாட்டின் கதைகளைத் தாமே விரும்பித் தேடுகின்றனர். அவ்விருப்பத்தில் நம் மொழியும் பங்கு கொள்ள வேண்டும்.

வரைந்த கதை மொழி கடந்து செல்லும் என்பதற்குப் பேராக்கிலேயே சான்று இருக்கிறது. கோப்பேங் வட்டாரத்துக் கம்பத்தில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த லாட், 1979இல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' ஜப்பானியம் உள்ளிட்ட பல மொழிகளை எட்டியது. ஒவ்வொரு மொழியிலும் எவரோ ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேட்கத்தக்க இடமும் தொலைவில் இல்லை. லைட் நாவல் துறையில் முன்னிற்கும் கடோகாவா நிறுவனம், 2015இல் கோலாலம்பூரின் ஆர்ட் ஸ்குவேர் குழுமத்தில் பெரும்பங்கை வாங்கியது. அக்குழுமமே இன்று கடோகாவா கெம்பாக் ஸ்டார்ஸ். ஈப்போவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அதன் வாயிலை அடையலாம்.

ஆகவே, நாம் முன்வைப்பது பெருந்திட்டமன்று. பல தொகுதி நீளும் புகழ்பெற்ற தொடரை விடுத்து, ஒரே தொகுதியில் முடியும் நூல் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். ஜப்பானியம் கற்ற தமிழ் இளைஞரையும், அன்பர் குழுக்களில் எழுத்துப் பொருத்திப் பழகியவரையும், தமிழாசிரியர் ஒருவரையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துவோம். ஒரு பக்கத்தை மாதிரியாகப் பெயர்த்து, ஐந்நூறு படிகளுக்கு மட்டும் இசைவு வேண்டி உரிமையாளருக்கு விண்ணப்பிப்போம். ஓவியருக்கு உரிய தொகையை முன்னரே ஒதுக்குவோம். மொழிபெயர்ப்பாளர், எழுத்துப் பொருத்தியவர், திருத்தியவர் ஆகிய அனைவர் பெயரையும் நூலில் அச்சிடுவோம். அச்சான படிகளை முதலில் பேராக்கின் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு வழங்குவோம். மறுப்பு வருமாயின் வேறொரு நூலுக்கு எழுதுவோம்.