தக்காளிச் சுவரும் மக்காச்சோளச் சுவரும்

செல்சுவர் என்றால் செல்லுலோஸ் என்றே படித்து வளர்ந்தவர்கள் நாம். சுவரில் புரதமும் இருக்கிறது என்பதற்கு 1960-இல் லாம்போர்ட்டும் நார்த்கோட்டும் சான்று தந்தார்கள். விலங்குகளின் கொலாஜனோடு சேர்த்தே பேசப்பட்டுவந்த ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் தாவரச் சுவரிலும் அகப்பட்டது. அதைச் சுமக்கும் புரதத்துக்கு எக்ஸ்டென்சின் என்று பெயர்.

தக்காளியின் எக்ஸ்டென்சினில் ஒரு செரீன், அதையடுத்து நான்கு ஹைட்ராக்சிபுரோலின் என்ற அடுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நான்கின் மேலும் அரபினோஸ் சர்க்கரைகள் குட்டைச் சங்கிலிகளாக ஏறிக்கொள்வதால், மூலக்கூறு சுருளாமல் கம்பிபோல விறைத்து நிற்கிறது. மக்காச்சோளத்திலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. ஆனால் அந்த நான்கின் அடுக்கு அங்கே கலைந்து, இடையிடையே திரியோனினும் லைசினும் புகுந்திருக்கின்றன, சர்க்கரையும் குறைவு. மொத்தத்தில், மக்காச்சோளமும் அடங்கிய புல்லினங்களின் சுவர்களில் ஹைட்ராக்சிபுரோலினே கொஞ்சம்தான்.

இதை வைத்துப் புல்லினச் சுவரைப் புரதம் குன்றிய சுவர் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. புரதம் எவ்வளவு என்பதைவிட, சுவரை இறுக்கும் வேலையை அங்கே யார் செய்கிறார்கள் என்று கேட்பதே பயன். தக்காளியில் பெராக்சிடேஸ் நொதி எக்ஸ்டென்சினின் டைரோசின்களைப் பிணைத்து வலையாக்குகிறது. மக்காச்சோளத்தில் அரபினோசைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியில் பெரூலிக் அமிலம் தொங்குகிறது. அந்த அமிலங்களை இரண்டிரண்டாகப் பிணைப்பதும் பெராக்சிடேஸ்தான். நொதி ஒரே வகை, அது பிடித்துக்கொள்ளும் கொக்கி வேறு. புரதத்தின் பொறுப்பில் பெரும்பகுதியைப் புல்லினங்கள் சர்க்கரையிடம் ஒப்படைத்துவிட்டன என்றே இதைப் படிக்கிறேன்.

இறுக்குவதில் மட்டுமல்ல, தளர்த்துவதிலும் இந்த வேற்றுமை தெரிகிறது. சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் புரதங்களை 1992-இல் காஸ்குரோவ் குழுவினர் வெள்ளரி நாற்றின் தண்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து அதே ஆய்வகம் மக்காச்சோள மகரந்தத்தில் பீட்டா வகை எக்ஸ்பான்சினைக் காட்டியது. அது புல்லினச் சுவர்களை நன்றாக நெகிழ்த்தியது. வெள்ளரிச் சுவரிடம் அதன் திறமை அவ்வளவாகப் பலிக்கவில்லை. கதிரின் பட்டிழைக்குள் மகரந்தக் குழாய் நெடுந்தூரம் நுழைந்து போக, வழியிலுள்ள சுவர்களைத் தளர்த்திக் கொடுப்பது இந்தப் புரதத்தின் வேலையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. புல்மகரந்தம் பட்டுத் தும்முகிறவர்களுக்கும் இது புதிய ஆளல்ல: ஒவ்வாமை மருத்துவர்கள் முதல் தொகுதி ஒவ்வாப்பொருள் என்று வகைப்படுத்தி வைத்திருந்த புரதமும் இதுவே.