கஞ்சித்தொட்டி ஊரில் வயிற்றைச் சுருக்கும் காலம்



போன வாரம் திருவொற்றியூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், எடை குறைய ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். நாலு நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம்" என்றான். எடை 130 கிலோ, சர்க்கரையும் உண்டு. பண்ணிக்கொள், வேண்டாம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். அதனால் வரலாற்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையை நம் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1799-இல் அங்கே மருத்துவமனை வந்தது. 1938-இல் மருத்துவக் கல்லூரி ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஊரில் இன்று வயிற்றைச் சுருக்கிக்கொள்ள நாள் குறிக்கிறோம்.

இந்த அறுவை சிகிச்சை 1950-களில் அமெரிக்காவில் தொடங்கியது. சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி உணவு போகும்படி குடலை இணைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. சில ஆண்டுகள் கழித்துத்தான் பலருக்குக் கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் வந்தது. 1980 வாக்கில் அதைக் கைவிட்டார்கள். 1966-இல் எட்வர்டு மேசன் இரைப்பை பைபாஸைக் கொண்டுவந்தார். பின்பு இரைப்பையைச் சுற்றிப் பட்டை போட்டார்கள். அது பலருக்கு நழுவியது, மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. இன்று அதிகம் செய்வது ஸ்லீவ்: இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

உடனே வரும் ஆபத்துகள்: தைத்த இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது. நல்ல மையங்களில் மரணம் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேர் அளவுதான். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். 2024-இல் புதுச்சேரியிலிருந்து இதற்காகச் சென்னைக்கு வந்த ஓர் இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

மெதுவாக வரும் ஆபத்து பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. என் அக்கா மகனுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் மாதம் ஓயாத வாந்தி. "பழகிடும்" என்றார்கள். மூன்று வாரத்தில் கால் மரத்து, நடை தள்ளாடியது. வேறொரு டாக்டர்தான் கண்டுபிடித்தார்: வைட்டமின் பி1 குறைவு. பெரிபெரி! தீட்டிய அரிசியை மட்டும் தின்ற ஏழைகளுக்கு வந்த நோய். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளைக் கவனித்து இதற்கு வழிகாட்டிய ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. பஞ்ச காலத்து நோய், பணம் கட்டி ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைக்கு வந்தது. ஊசி போட்டுப் பிழைத்தான். இடது காலில் மரப்பு மட்டும் இன்னும் மிச்சம்.

காரணம் எளிது. வயிற்றுக்குள் நாமே ஒரு சிறு பஞ்சத்தை உண்டாக்குகிறோம். கஞ்சித்தொட்டி பஞ்சம் தீர்ந்ததும் மூடப்படலாம். இந்தப் பஞ்சம் ஆயுள் முழுக்க இருக்கும். பி12, இரும்பு, கால்சியம் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். வருடாவருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. சிலருக்குப் பித்தப்பைக் கல் வரும், சிலருக்கு எடையே திரும்ப ஏறும்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, ஆயுளும் நீண்டிருக்கிறது. தேவையானவர்களுக்கு இது நல்ல வழிதான். அவனிடம் நான் சொன்னது இவ்வளவே: "டாக்டரிடம் நாலு கேள்வி கேளு. இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? ராத்திரி கசிவு வந்தால் யார் பார்ப்பார்கள்? அங்கே ஐசியூ இருக்கிறதா? ஐந்து வருடம் கழித்து என்னை யார் பரிசோதிப்பார்கள்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாலாவது கேள்வி எனக்குத் தோணவே இல்ல சார்" என்றான்.

பரீட்சை முடிந்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கும் என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதுதான் இது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்