தங்கமீனும் மட்கலமும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

சீனத்துத் தங்கமீனை அரசரின் அழகுணர்ச்சி ஈன்ற பொருளாகக் கொள்ளும் மரபு ஒன்றுண்டு. சொங் காலத்தில் (960–1279) அரண்மனைக் குளங்களில் அது பேணப்பட்டமை உண்மையே. ஆயினும், பெருங்குளத்தில் இணைகளைப் பிரித்துத் தெரிந்தெடுத்தல் அரிது. மிங் காலத்தில் (1368–1644) வீடுகளிலே கலங்களில் மீன் வளர்க்கும் வழக்கம் பரவியபோதே இரட்டைவால் முதலிய வடிவங்கள் பெருகின. 1596இல் சாங் சியென்தே எழுதிய நூல், ஏராளமான மீன்களை வளர்த்து, தாழ்ந்தவற்றைக் கழித்து, சிறந்த சிலவற்றையே பேணும் முறையை விளக்குகிறது.

எனவே, அரச இரசனையன்று, வளர்ப்புச் சாதனத்தில் ஏற்பட்ட மாற்றமே இத்தெரிவுக்கு வழிதிறந்தது என நாம் கொள்ளலாம். நாளும் நீர் மாற்றிக் குஞ்சு பிரித்த கைகளின் உழைப்பே புதிய இனங்களைத் தோற்றுவித்தது. நூலாசிரியரின் பெயர் எஞ்சியது. அவ்வுழைப்பாளரின் பெயர்கள் எஞ்சவில்லை. அழகின் வரலாற்றை எழுதப் புகும் நாம் இவ்வுழைப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.