கஸ்னாவின் கிப்லாவும் நெய்வேலியின் நூலும்

நெய்வேலி நகரியத்தில் மார்க்கக் கல்வி பயிலும் மாணவர் ஒருவர், உலகப் படத்தில் நம் ஊரிலிருந்து திருமக்காவுக்கு அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, அது மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 14 பாகை சாய்வதாகக் காட்டினார். கணக்கிட்டுப் பார்த்தால் கிப்லா 20 பாகை அளவு சாய்கிறது. எது சரி என்பது அவருடைய வினா.

தாளிலே நேராக இருப்பது உருண்டையிலே நேரன்று. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது படத்துக் கோட்டுக்கு வடக்கே வளைந்து செல்லும். அந்த நூலின் நீளமே வான்வழித் தொலைவு. நெய்வேலிக்கும் திருமக்காவுக்கும் சற்றேறக்குறைய 4,350 கிலோமீட்டர். அந்த நூல் நம் ஊரை விட்டுப் புறப்படும் திசையே கிப்லா. தொலைவும் திசையும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

விமானம் என்பதைக் கனவிலும் காணாத காலத்தில் இக்கணக்கைப் போட்டவர் அல்லாமா அபூ ரைஹான் அல்பிரூனீ (973இல் பிறந்தவர்). ஊர்களிடையே உள்ள தொலைவுகளைத் திருத்துவதற்கென்றே அவர் 'தஹ்தீத்' என்னும் நூலை யாத்து, ஹிஜ்ரி 416இல் (1025) கஸ்னாவில் முடித்தார். கஸ்னாவின் கிப்லாவை அறிவதே அவர் நோக்கம். அதற்கு நெட்டாங்கு வேண்டும்; அதுதான் அக்காலத்தில் அரிய பொருள். இளமையில், 997ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தை அவர் காஸ் நகரிலும், அபுல் வஃபா பக்தாதிலும், முன்னரே பேசிவைத்துக்கொண்டு ஒருங்கே நோக்கினர். இரு நகரங்களின் நேரமும் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டது. ஒரு மணி என்றால் 15 பாகை. கிரகணமோ விரும்பும்போது வருவதில்லை. ஆகவே கஸ்னாவுக்கு அவர் வேறு வழி தேடினார். ஒட்டக வணிகர் சொன்ன பாதைத் தொலைவுகளை வாங்கி, வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கு கழித்து, நகரம் நகரமாகக் கணக்கைக் கோத்தார். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் அவர் கண்ட நெட்டாங்கு வேறுபாட்டில் ஒரு பாகை அளவுகூடப் பிழையில்லை!

அவர் கஸ்னாவுக்குத் தம் விருப்பத்தோடு வந்தவருமல்லர். 1017இல் சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தை வென்றபின் அழைத்துவரப்பட்டவர். மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் கருவி ஏதும் கையில் இல்லாமல், கணக்குப் பலகையின் மேல் வட்டப்பகுதி வரைந்து கதிரவனின் உயரத்தை அளந்தார். இதையும் அந்நூலில் அவரே குறித்திருக்கிறார். கருவி வரட்டும் என்று காத்திருக்கும் நம்மவர்களை எண்ணிக்கொண்டேன்.

மாணவருக்கு அடுத்த ஐயம் எழுந்தது: ஆறு பாகை விலகித் தொழுத பெரியவர்களின் தொழுகை என்னாவது? ஹனஃபீ இமாம்கள், தொலைவில் இருப்போர்க்குக் கஅபாவின் திசையே போதும் என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் கஅபாவையே நாடி முன்னோக்க வேண்டும் என்பது வலுவான சொல். ஆயினும் அறியாதவர் மீது முயற்சிக்கு மேல் சுமையில்லை. இதைக் கேட்டு அவர் முகம் தெளிந்தது. பிறகு நூலையும் பூகோள உருண்டையையும் எடுத்துக்கொண்டு, கஸ்னாவிலிருந்து அளந்து பார்க்க உட்கார்ந்துவிட்டார்.