மாமாவின் துப்பாக்கியும் ரூஸ்வெல்ட்டின் வேட்டையும்

என் தாய்மாமாவிடம் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் பக்கம், மலையடிவாரம். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி வந்து கடலைக்காட்டை உழுது போட்டுவிடும். அதற்காக மாமா லைசன்ஸ் எடுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். குழலுக்குள் துணி விட்டு இழுக்கும் வேலை எனக்கு. அப்போது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். 1965ஆம் வருடம்.

மாமாவின் ஆசை பன்றி சுடுவது இல்லை. முறையாக அனுமதி வாங்கி, இரண்டு சினேகிதர்களோடு மசினகுடிப் பக்கம் போய், ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கி வேட்டையாட வேண்டும். அதற்குப் பட்டியல் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, தோட்டா இத்தனை. என்னையும் கூட்டிப் போவதாக வாக்கு.

"எப்ப மாமா போறோம்?" என்று கேட்டால், "மொதல்ல பாப்பா கல்யாணம் முடியட்டும் மாப்ளே" என்பார். பாப்பா என்பது அவருடைய மூத்த மகள். கல்யாணம் 1968இல் முடிந்தது. அப்புறம் பையன் காலேஜ் முடிக்கட்டும் என்றார். அதற்கும் அப்புறம், மில்லில் ரிடையர் ஆகட்டும், அவசரமில்லாமல் போகலாம் என்றார்.

போகாத அந்த வேட்டைக்குப் பதிலாக அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. கோவையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் எழுதிய 'ஆப்பிரிக்கன் கேம் டிரெயில்ஸ்'. 1910இல் வந்த புத்தகம். மாமா அதை எத்தனை முறை படித்தார் என்று கணக்கில்லை. முதுகட்டை பிய்ந்து, கோந்து போட்டு ஒட்டியிருந்தார். இன்று அது என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தால்தான் எனக்கு ரூஸ்வெல்ட் கதையில் ருசி வந்தது. பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ரூஸ்வெல்ட் 1858 அக்டோபரில் நியூயார்க்கில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் கடுமையான ஆஸ்துமா. படுத்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தபடியே தூங்குவார். உடற்பயிற்சி செய்து செய்து உடம்பைத் தேற்றிக்கொண்டார். அவருடைய அப்பா 1878இல் 46 வயதில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது 19.

1880இல் ஹார்வர்டில் படிப்பை முடிக்கும் சமயம், டாக்டர் சோதித்துவிட்டு இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகப் பார், மாடிப்படி வேகமாக ஏறுவதுகூட ஆபத்து என்றார். நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டு அன்றே சாய்வு நாற்காலி வாங்கியிருப்போம்! அந்த இளைஞர், நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறு வருடம் தேனிலவுக்கு ஐரோப்பா போனபோது, ஆல்ப்ஸில் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறி இறங்கினார்.

அவருடைய முதல் பெரிய வேட்டைப் பயணம் 1883 செப்டம்பரில். இங்கே ஒரு விளக்கம். நம் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் காட்டெருமையை 'பைசன்' என்றே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். நம்முடையது கவுர். அமெரிக்க பைசன் வேறு ஜாதி, தலையும் தோளும் சடைமயிர் மூடியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அங்கே கோடிக்கணக்கில் இருந்தது. ரயில் பாதை வந்தது, தோல் வியாபாரம் வந்தது, சுட்டுத் தள்ளினார்கள். இனம் முடியப் போகிறது என்ற செய்தி நியூயார்க் வரை வந்துவிட்டது. முடிவதற்குள் ஒன்றைச் சுட்டுவிட வேண்டும் என்று 24 வயது ரூஸ்வெல்ட் டகோட்டாவுக்கு ரயில் ஏறினார். வீட்டில் மனைவி கர்ப்பிணி.

போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வழிகாட்டியாக வந்த ஜோ ஃபெரிஸ் என்பவர், இந்தக் கண்ணாடி போட்ட பட்டணத்து ஆள் இரண்டு நாளில் ஓடிவிடுவான் என்று நினைத்தார். ஓடவில்லை. நாள் முழுக்கச் சேற்றில் அலைந்துவிட்டு, ராத்திரி தங்கின குடிசையில் உட்கார்ந்து மாட்டுப் பண்ணை பற்றி விடிய விடியப் பேசினார். பைசன் கண்ணிலேயே படவில்லை. பெரிய மந்தைகள் இருந்த இடத்தில் எலும்புதான் கிடந்தது. பத்து நாள் போல அலைந்த பிறகுதான் ஒன்றைச் சுட்டார். சந்தோஷத்தில் அதைச் சுற்றிக் கூத்தாடினார், ஃபெரிஸ் கையில் 100 டாலரைத் திணித்தார். ஊர் திரும்பும் முன் 14,000 டாலருக்குக் காசோலை எழுதி மாட்டுப் பண்ணையிலும் பங்கு போட்டுவிட்டார்.

கடைசி மிருகங்களைத் தேடிப் போய்ச் சுட்டது சரியா என்று இன்று நமக்கு நெருடுகிறது. நெருட வேண்டியதுதான். ஆனால் அந்த எலும்புக் காட்டைக் கண்ணால் பார்த்தது அவரை மாற்றியது. 1889இல் வில்லியம் ஹார்னடே என்பவர் கணக்கெடுத்தபோது, அடைத்து வைத்தவற்றையும் சேர்த்து 1,091 பைசன்கள்தான் மிச்சம். 1905இல் அதைக் காப்பாற்ற அமெரிக்க பைசன் சங்கம் தொடங்கியபோது ஹார்னடே தலைவர், ரூஸ்வெல்ட் கௌரவத் தலைவர். ஜனாதிபதியாக இருந்த காலத்தில் 150 தேசியக் காடுகள், 51 பறவைக் காப்பிடங்கள், 5 தேசியப் பூங்காக்கள் என்று சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்பில் கொண்டுவந்தார்.

டகோட்டா பயணம் முடிந்து ஐந்து மாதம். 1884 பிப்ரவரி 14. இரண்டு நாள் முன்பு மகள் பிறந்திருக்கிறாள். அன்று விடியற்காலை அம்மா டைஃபாய்டில் இறந்தார். அதே வீட்டில், அதே நாள் மதியம் மனைவி ஆலிஸ் சிறுநீரகக் கோளாறில் இறந்தார். அவளுக்கு 22 வயது. குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த டகோட்டா வெட்டவெளிக்கே திரும்பிப் போனார். இரண்டு வருடம் போல மாடு மேய்த்துத்தான் மனிதரானார். முந்தைய செப்டம்பரில், குழந்தை பிறக்கட்டும், எல்லாம் அமையட்டும் என்று இருந்திருந்தால், போய் ஒதுங்க அப்படி ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இனி மாமா கோந்து போட்டு ஒட்டிய புத்தகத்தின் கதை. 1909 மார்ச் 4ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கினார். நாம் ரிடையர் ஆனதும் என்ன செய்தோம்? பி.எஃப். பணத்துக்கு அலைந்தோம், வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். அவர் மூன்று வாரம்கூட வீட்டில் இருக்கவில்லை. மார்ச் 23ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். வயது 50. குத்துச்சண்டையில் அடிபட்டு இடது கண் பார்வை போயிருந்தது. மூக்குக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று பல ஜோடி எடுத்துக்கொண்டார். படிப்பதற்கு அறுபது போலப் புத்தகங்களைப் பன்றித் தோலில் பைண்டு செய்து பெட்டியில் வைத்துக்கொண்டார். கூடவே 19 வயது மகன் கெர்மிட்.

ஏப்ரலில் மொம்பாசாவில் இறங்கி, மறு வருடம் மார்ச்சில் கார்ட்டூம் வந்து சேரும்வரை ஏறக்குறைய ஒரு வருடம் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க நடந்தார்கள். சுமை தூக்க 200க்கும் மேற்பட்ட ஆட்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பது என்ற ஏற்பாட்டில் போனதால் எலி, பறவை, செடி எல்லாமே சேர்த்தார்கள். பெரிய மிருகங்களில் அப்பாவும் மகனுமாகச் சுட்டவை 512. அதில் ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகம். அப்போதே சிலர் இது அதிகம் என்று சொன்னார்கள். எனக்கும் அந்தப் பக்கங்கள் வரும்போது கொஞ்சம் கையெடுத்து மூடத் தோன்றும். மாமாவுக்குத் தோன்றாது. அவர் காலம் வேறு.

அதோடு நிற்கவில்லை. 1912இல் மறுபடியும் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். பிரசாரத்தில் ஒருவன் மார்பில் சுட்டான், குண்டு உடம்பிலேயே தங்கிவிட்டது. தேர்தலிலும் தோல்வி. மறு வருடம், 54 வயதில், பிரேசிலுக்குக் கிளம்பினார். முதலில் சதுப்பு நிலக் காடுகளில் சிறுத்தையைப் போன்ற ஜாகுவார் வேட்டை. அதன் பிறகு, வரைபடத்தில் இல்லாத ஒரு நதி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க பிரேசில் ராணுவ அதிகாரி ரொண்டோனோடு படகில் இறங்கினார். சின்னப் பையனாக இருக்க எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அதனால் போயே ஆக வேண்டியிருந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

1914 பிப்ரவரி கடைசியில் 22 பேராகக் கிளம்பினார்கள். அருவிகளில் படகுகள் உடைந்தன. சாப்பாடு தீர்ந்தது. ஒருவர் தண்ணீரில் போனார், ஒருவர் கொலையுண்டார், கொன்றவன் காட்டுக்குள் ஓடினவன் திரும்பவில்லை. படகைக் காப்பாற்றப் போய் ரூஸ்வெல்ட்டுக்குக் காலில் அடி, சீழ் பிடித்தது, மலேரியா வேறு. என்னை இங்கேயே விட்டுவிட்டு நீங்கள் போங்கள் என்றார். கெர்மிட் மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்தவர். இரண்டு மாதம் கழித்து வெளியே வந்தபோது ரூஸ்வெல்ட் உடம்பில் கால்வாசி எடை காணாமல் போயிருந்தது. பழைய தெம்பு திரும்பவே இல்லை. 1919 ஜனவரி 6ஆம் தேதி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வயது 60தான்.

அந்த நதிப் பயணம் ஆயுளைக் குறைத்திருக்கலாம். அதனால் எல்லோரும் அப்படிக் கிளம்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1909இல் கிளம்பாமல், அறுபது வயதில் ஓய்வாகப் போகலாம் என்று வைத்திருந்தால், ஆப்பிரிக்காவே கிடைத்திருக்காது. 1914இல் அங்கும் உலகப் போர் மூண்டுவிட்டது.

நம் ஆயுள் ஒரு பக்கம் ஓடுகிறது. நாம் பார்க்க நினைத்த இடமும் அதன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நம்மைக் கேட்பதில்லை. டகோட்டாவில் பைசனுக்கு ஆனதும் அதுதான்.

எங்கள் மாமாவுக்கும் அதுதான் ஆனது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாமா ரிடையர் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. பேப்பரில் செய்தியைப் படித்துவிட்டு, "நல்லதுதான் மாப்ளே, விட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். சட்டம் வந்தது நல்லதுக்குத்தான் என்று நானும் நம்புகிறேன். இன்று முதுமலையில் யானையும் காட்டெருமையும் நிற்பது அதனால்தான். ஆனால் அன்று சாயங்காலம் அவர் துப்பாக்கியைத் துடைக்கவில்லை. அதற்கப்புறம் அதை எடுத்ததையே நான் பார்க்கவில்லை. 1976இல் மாரடைப்பில் போய்விட்டார். துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எழுதிய பட்டியல் புத்தகத்துக்குள் மடித்து இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சுடாவிட்டால் என்ன, போய்ப் பார்த்திருக்கலாமே என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். பஸ் ஏறினால் அன்றே போய்விடலாம். அப்படி நினைத்த நானும் வங்கி வேலை, மாற்றல், வீட்டுக் கடன், பேரன் என்று ஐம்பது வருடம் அதே வேலையைத்தான் செய்தேன். முட்டி வலி வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகுதான் புத்தி வந்தது.

போன பிப்ரவரியில் கிளம்பினேன். மாமாவின் மகள், அந்தப் பாப்பாவுக்கும் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். காதில் மிஷின். உடனே வருகிறேன் என்றார். தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் ஏறினோம். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, புள்ளிமான்தான். பிறகு ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். மூங்கில் ஓரம் ஐந்து காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல நின்றன. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

மாமா எழுதிய பட்டியலை அங்கேதான் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. உங்கள் கல்யாணம் முடியட்டும் என்றுதான் முதலில் தள்ளிப் போட்டார் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் எங்க அப்பாவைப் போக வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லலையே" என்றார்.

நண்பர்களே, நீங்களும் யார் பெயரையாவது சொல்லி ஒன்றைத் தள்ளி வைத்திருப்பீர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் வால்பாறை போவதாக இருக்கிறோம். வேனில் இரண்டு இடம் காலி இருக்கிறது.