மரியன்தால் ஆய்வும் நேர்மறை உளவியலின் தோற்றமும்

உள்ளம் நோயுற்றவிடத்து அதனை ஆராய்ந்து மருந்து காண்டல் உளவியலின் பழைய நெறியாகும். நலமுற்ற உள்ளத்தையும், அன்றாட வாழ்வைப் பொருளுடையதாக்கும் ஆற்றல்களையும் ஆராய்தல் வேண்டும் என்று எழுந்தது நேர்மறை உளவியல். 1998-இல் அமெரிக்க உளவியற் கழகத்தின் தலைவராய் விளங்கிய மார்ட்டின் செலிக்மன் இத்துறையை வளர்த்தலைத் தம் பணியாக மேற்கொண்டார். 2000-ஆம் ஆண்டு சனவரியில் அவரும் சிக்சென்ட்மிகாயியும் பொறுப்பேற்று வெளியிட்ட ஆய்விதழ்ச் சிறப்பு மலர் அதற்கு உருவம் தந்தது. ஆதலின் இத்துறை அவ்வாண்டுகளிலேயே பிறந்தது என்பார் உளர். பெயரளவில் நோக்கினும் அக்கூற்று நில்லாது. ஆபிரகாம் மாஸ்லோ 1954-இல் வெளியிட்ட நூலிலேயே அப்பெயரை ஓர் இயலின் தலைப்பில் ஆண்டுள்ளார். கருத்தளவில் நோக்கின், அதன் வேர் இன்னும் பழமையானது. அவ்வேரினை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் காணலாம் என்பது எம் துணிபு.

அவ்வூர் மரியன்தால். வியன்னா நகருக்குத் தென்கிழக்கே உள்ள அதன் வாழ்வு முழுதும் ஒரு நெசவாலையைச் சார்ந்திருந்தது. 1929-இல் தொடங்கி 1930-க்குள் அவ்வாலை மூடப்பட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களுள் பெரும்பாலானவை வேலையிழந்து அரசு உதவியை நம்பி நின்றன. வியன்னாவில் வாழ்ந்த பால் லாசர்ஸ்பெல்டு முதலில் தொழிலாளரின் ஓய்வுநேரத்தை ஆராயவே எண்ணினார். வேலையின்மை பெருகிய காலத்தில் ஓய்வை ஆராய்தல் தகாது என அரசியல் தலைவர் ஒட்டோ பவர் சுட்டவே, ஆய்வு மரியன்தாலை நோக்கித் திரும்பியது. லாசர்ஸ்பெல்டு, மரி யகோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு 1931-இன் இறுதியில் தொடங்கி அவ்வூரை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 1933-இல் நூலாயின. ஆங்கில மொழிபெயர்ப்பு 1971-இல் வெளிவந்தது.

அந்நூல் கண்ட உண்மைகளுள் மூன்றினை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, நூலகம் பற்றியது. வேலையிழந்தோர்க்குப் படிக்க நேரம் மிகுதி. நூலகக் கட்டணமும் நீக்கப்பெற்றது. எனினும் 1929-க்கும் 1931-க்கும் இடையே, இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்டற்ற நேரம் அறிவு வேட்கையைப் பெருக்கவில்லை. மாறாக, அதனை அழித்தது.

இரண்டாவது, காலவுணர்வு பற்றியது. ஆய்வாளர் தெருவில் நின்று, மக்கள் நடக்கும் விரைவைக் கடிகாரங் கொண்டு அளந்தனர். ஆடவர் மெல்ல நடந்தனர். வழியிற் பன்முறை நின்றனர். பெண்டிர் விரைந்து நடந்தனர். ஆடவர் பலர் கைக்கடிகாரம் அணிதலையே விட்டொழித்தனர். பெண்டிரும் ஆலையிற் கூலி இழந்தவரே. ஆயினும் அடுப்பும் குழந்தையும் அவர்தம் பொழுதை வகுத்துத் தந்தன. கூலியை இழந்தார் இருபாலாரும். நாளின் ஒழுங்கை இழந்தார் ஆடவரே என்க.

மூன்றாவது, மனநிலை பற்றியது. ஆய்வாளர் குடும்பங்களைத் தளராதவை, அமைதியுற்று அடங்கியவை, நம்பிக்கை இழந்தவை, செயலற்றுக் கிடந்தவை என நால்வகையாகப் பகுத்தனர். திங்கள்தோறும் ஓர் அலகு நபருக்குக் கிடைத்த சராசரி வருவாய் அந்நால்வகைக்கும் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங்குகளாக அமைந்தது. சில ஷில்லிங்குகளின் ஏற்றத்தாழ்வோடு ஊக்கத்தின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே நின்றது.

தமிழில் 'பொருள்' என்னும் ஒரு சொல்லே செல்வத்தையும், சொல்லின் கருத்தையும், வாழ்வின் பயனையும் உணர்த்துதல் நாம் அறிந்ததே. ஜெர்மானிய மொழி இவற்றிற்கு வேறுவேறு சொற்களை ஆளும். அம்மொழியார் நடத்திய இவ்வாய்வோ, ஒன்று தேய்ந்தவிடத்து மற்றொன்றும் தேய்தலை எண்களால் காட்டிற்று.

இவ்விடத்து ஒரு தடை எழும். அதே வியன்னாவில் இளைஞர்க்கு அறிவுரை நிலையங்கள் அமைத்த மருத்துவர் விக்டர் பிராங்கல், வேலையற்ற இளைஞரின் மனச்சோர்வை அக்காலத்திலேயே ஆராய்ந்தார். வேலையின்மையைப் பயனின்மையாகவும், பயனின்மையை வாழ்வின் பொருளின்மையாகவும் அவர்கள் கொண்டதே நோயின் காரணம் என்றார். இளைஞர் கழகம், முதியோர் கல்வி, பொதுநூலகம் முதலியவற்றில் ஊதியமின்றித் தொண்டாற்றியோர், வறுமை மாறாதிருந்தும் சோர்வு நீங்கினர் என்றும் குறித்தார். 1942-இல் நாஜிகளால் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, ஆஷ்விட்சு உள்ளிட்ட முகாம்களில் துன்புற்று, 1945-இல் விடுதலை பெற்ற அவர், தம் பட்டறிவை 1946-இல் நூலாக்கினார். அவர் கூற்றின்படி, கைப்பொருள் வாராமலே வாழ்வின் பொருள் மீளும். ஆயின் மரியன்தாலின் கணக்கு பிழையோ எனின், அன்று. பிராங்கல் கண்ட இளைஞர்க்குத் தொண்டாற்ற நூலகமும் கழகமும் நகரில் இயங்கி வந்தன. மரியன்தாலில் அத்தகைய அமைப்புகளே வாடின. மேலும், நூல் படிக்கும் உரிமை மரியன்தாலாரைக் காக்கவில்லை. நூலகத்திற் பிறர்க்குத் தேவைப்படும் நிலையே வியன்னா இளைஞரைக் காத்தது. பெண்டிரின் விரைந்த நடையும் இதற்கே சான்று. எனவே இருவர் கூற்றும் முரணாது, ஒன்றனையொன்று நிரப்புதல் தெளிவாம்.

யகோடாவின் பிற்கால வாழ்வு இத்தொடர்ச்சியை உறுதிப்படுத்தும். 1936-இல் அரசியல் காரணத்தால் சிறையிடப்பட்ட அவர், நாட்டை விட்டு நீங்குதல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் 1937-இல் விடுவிக்கப்பட்டார். பின்னர் அமெரிக்காவில் இருந்தபோது, 1958-இல் நேர்மறை மனநலம் பற்றிய கருத்துகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். மனநலம் நோயின்மை மட்டும் அன்று என்பதே அதன் அடிப்படை. 1982-இல் வெளியிட்ட நூலில், வேலை கூலியோடு வேறு ஐந்தினையும் தருவதென விளக்கினார்: பொழுதின் ஒழுங்கு, குடும்பத்திற்கு வெளியே பிறருடன் பழகுதல், பொதுநோக்கிற் பங்கு, சமுதாய மதிப்பு, இடையறாச் செயல் என்பன அவை.

இவ்வரலாற்றை மறத்தலால் வரும் தீங்கு சிறிதன்று. வாழ்வின் பொருளை ஒருவர்தம் அகத்திறன் என்று மட்டும் கொள்வோமாயின், வேலையிழந்து சோர்ந்தாரை நோக்கி, நும் உள்ளத்தின் குறையே இது எனப் பழிப்போம். ஆலையை மூடியவரைக் கேளோம். புறச்சூழல் என்று மட்டும் கொள்வோமாயின், வறுமையிலும் பிறர்க்கு உதவி நிமிர்ந்தவரைக் காணாது விடுவோம். மரியன்தால் இவ்விரண்டு பிழையினின்றும் நம்மைக் காக்கும். நேர்மறை உளவியலைக் கற்பார், 2000-ஆம் ஆண்டு மலரோடு 1933-ஆம் ஆண்டு நூலையும் வைத்துக் கற்றல் வேண்டும் என்பதே இவ்வாய்வால் நாம் பெறும் முடிபாகும்.