ஆகாயப் பிரயாணத்தில் ஆசனத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

நெடுந்தூர விமானமொன்றில் எந்த ஆசனம் சிறந்தது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, வசதி பற்றிய ஒரு சிறு வினாவாகவே தோன்றும். யன்னலோரமா நடைவழியோரமா, இறக்கைக்கு முன்னா பின்னா என்பன அவரவர் விருப்பத்தைப் பொறுத்தவை என்றே பலரும் கருதுவர். ஆயின் விமானப் போக்குவரத்தின் வரலாற்றோடு வைத்து ஆராயுமிடத்து அவ்வினா மூன்றாகப் பிரிவதைக் காணலாம். ஊர்தியின் சமநிலை ஆளை எங்கே இருக்கவிடுகிறது? பணம் எவ்விடத்தை வாங்குகிறது? தெரிவு செய்யும் உரிமை யார் கையில் உள்ளது? முதலாவது பௌதிகத்துக்கும், இரண்டாவது பொருளியலுக்கும், மூன்றாவது சமூக நீதிக்கும் உரியது. இம்மூன்றும் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குறிஞ்சாக்கேணி போன்றதொரு சிற்றூரின் வாழ்வையும் தொட்டு நிற்பவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிஞ்சாக்கேணி கிண்ணியாப் பிரதேசத்தைச் சேர்ந்தது. கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் அணைத்து நிற்கும் இப்பகுதியில் நீரைக் கடவாமல் வாழ்க்கை நடத்துதல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலை நகருக்குச் செல்லும் நேர்வழி துறை கடந்தே சென்றது. தோணியில் ஏறுவோர் எவரும் முதலிற் கற்றுக்கொள்ளும் பாடம் எங்கே இருப்பது என்பதாகும். பாரம் நடுவே அமைதல் வேண்டும். எல்லோரும் ஒரு பக்கம் சாய்தல் கூடாது. ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்றல் ஆகாது. விமானத்தின் அடிப்படை விதியும் இதுவேயாம். பிரயாணிகளும் பொதிகளும் எரிபொருளும் சேர்ந்த மொத்தப் பாரத்தின் ஈர்ப்புமையம் குறித்த எல்லைக்குள் இருந்தாலன்றி விமானம் பாதுகாப்பாக எழும்ப முடியாது. அம்மையம் இறக்கைகளை அண்டியே அமைகிறது. ஆதலாற்றான் காற்றின் கொந்தளிப்பு இறக்கையை ஒட்டிய வரிசைகளிற் குறைவாகவும், வாற்பகுதியில் மிகையாகவும் உணரப்படுகின்றது. சிறிய விமானங்களில் இன்றும் பிரயாணிகளின் நிறையைக் கேட்டறிந்த பின்னரே இடம் ஒதுக்கப்படுவதுண்டு.

இலங்கையின் நெடுந்தூர ஆகாயப் பிரயாண வரலாற்றில் பாரத்தின் ஆட்சி மிகத் தெளிவாக வெளிப்பட்ட காலம் இரண்டாம் உலகப் போர்க்காலமாகும். கிண்ணியாவிலிருந்து குடாவுக்கு அப்பால் அமைந்த சீனன்குடாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே ஆண்டில் ஒல்லாந்து வீரரைக் கொண்ட 321ஆம் அணி சீனன்குடாவிலேயே மீண்டும் அமைக்கப்பட்டது. அவ்வணி செலுத்திய கற்றலீனா என்னும் நீர்விமானங்கள் குடாநீரையே ஓடுபாதையாகக் கொண்டு எழுந்தன.

இவ்வகை நீர்விமானமே சிவிற் பிரயாணத்திலும் ஓர் அரிய அத்தியாயத்துக்குக் காரணமாயிற்று. சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான ஆகாய வழி துண்டிக்கப்பட்டது. அதனை மீண்டும் இணைக்கும் பொருட்டு 1943 முதல் 1945 வரை குவான்ராஸ் நிறுவனம் பேர்த் நகருக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலைக்கும் இடையே ஐந்து கற்றலீனாக்களைச் செலுத்தியது. ஏறத்தாழ 3,500 மைல் தூரமான கடலை இடைநில்லாது கடக்க இருபத்தேழு முதல் முப்பத்துமூன்று மணிநேரம் வரை சென்றது. பறக்கும்போதே சூரியோதயம் இருமுறை காணப்பட்டமையால் அது ‘இரட்டை உதயப் பயணம்’ எனப் பெயர் பெற்றது. எரிபொருளின் பாரம் அத்துணை மிகுந்திருந்தமையால் தபாற்பைகளோடு மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. உலகின் மிக நீண்ட பயணிகள் சேவைகளுள் ஒன்றாகிய இதில் ஆசனத் தெரிவு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஏறுவதற்கு இடம் கிடைத்தலே பெரும் பேறாயிற்று.

போர் முடிந்தபின் இயந்திரங்களின் வலிமை பெருகியது. பாரத்தின் இறுக்கம் தளர்ந்தது. அவ்விடைவெளியிற் பணம் புகுந்தது. 1930களின் பிற்பகுதியில் இம்பீரியல் ஏர்வேய்ஸ் நிறுவனத்தின் பெரிய நீர்விமானங்களில் உலாவுவதற்கு இடமும் கடலை நோக்கும் யன்னல்களும் இருந்தன. ஏறியவர் அனைவரும் வசதி படைத்தவராதலின் வகுப்புப் பிரிவினை பெரிதும் வேண்டப்படவில்லை. 1952 மே மாதத்தில் அத்திலாந்திக் வழித்தடத்தில் மலிவான உல்லாசப் பிரயாண வகுப்பு அறிமுகமாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் முப்பத்தாறு ஆசனங்கள் கொண்ட கொமெற் என்னும் தாரை விமானம் இலண்டனிலிருந்து கொழும்புக்குச் சேவையைத் தொடங்கியது. 1958இல் ‘சிக்கன வகுப்பு’ பிறந்தது. 1970 சனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்ததோடு, ஒரே கூட்டினுள் முன்னூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அமரும் காலம் உதயமாயிற்று. முழுக் கட்டணம் செலுத்திய வணிகரைச் சலுகைக் கட்டணக்காரரிடமிருந்து பிரித்து வைக்க 1970களின் இறுதியில் வணிக வகுப்பு தோன்றியது. 1990களின் நடுப்பகுதியில் முதல் வகுப்பிலும், 2000ஆம் ஆண்டளவில் வணிக வகுப்பிலும் ஆசனங்கள் முழுமையான படுக்கைகளாயின. ஒரு பகுதி படுக்கையாக நீண்டபோது மறு பகுதியில் முழங்காலுக்கும் முன்னாசனத்துக்கும் இடையிலான வெளி சுருங்கியது.

எது சிறந்த ஆசனம் என்பதற்கான விடையும் இம்மாற்றங்களோடு மாறிவந்துள்ளது. சுழல்விசிறி விமானங்களின் காலத்தில் விசிறிகளுக்கு நேரான வரிசையே இரைச்சலும் அதிர்வும் மிக்கது. அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமையாயிற்று. தாரை இயந்திரம் வந்தபின் முற்பகுதி அமைதியாகவும் பிற்பகுதி இரைச்சலாகவும் மாறின. புகைப்போருக்குப் பின்வரிசைகள் ஒதுக்கப்பட்ட நாட்களில் புகையற்ற பகுதியின் கடைசி வரிசை பெயரளவிலேயே புகையற்றதாயிருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1996இற்குள் சர்வதேச விமானங்களிற் புகைத்தலை ஒழிக்குமாறு 1992இல் நாடுகளைக் கோரிய பின்னரே அவ்வேறுபாடு படிப்படியாக மறைந்தது.

உடல்நலம் பற்றிய அறிவும் தெரிவைப் பாதித்தது. நெடுநேரம் அசையாதிருப்பதனாற் காலின் ஆழ்நாளங்களிற் குருதி உறையும் நோய்க்கு ‘சிக்கன வகுப்பு நோய்’ என 1977இல் மருத்துவர் பெயரிட்டனர். அப்பெயர் முழுதும் பொருந்துவதன்று. 2012இல் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி, காரணம் வகுப்பன்று, அசையாமையே எனத் தெளிவுறுத்தியது. யன்னலோரத்தில் இருப்போர் எழுந்து நடப்பது குறைவாதலின் அவர்க்கே ஆபத்து மிகுதி என்றும் அது கூறியது. ஆகவே முதியோருக்கும் கருவுற்றோருக்கும் நடைவழியோரமே தக்கது. விபத்துப் பாதுகாப்பைப் பொறுத்தவரை எல்லா விபத்துக்கும் பொருந்தும் ஓர் ஆசனம் இல்லை. ஆயினும் வெளியேறும் கதவிலிருந்து ஐந்து வரிசைகளுக்குள் இருந்தோர் தப்பும் வாய்ப்பு மிகுதி என்பதை 2008இல் கிரீனிச் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கதவுவரையுள்ள வரிசைகளை எண்ணி நினைவிற் கொள்ளல் பணமின்றிச் செய்யத்தக்க தெரிவாகும்.

இனி எஞ்சியிருப்பது உரிமை பற்றிய வினா. 1970களின் நடுப்பகுதியில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகள் செழித்தபோது, இலங்கையின் பல கிராமங்களைப் போன்றே கிண்ணியாப் பிரதேசத்திலிருந்தும் ஆண்களும் பெண்களும் தொழில்நாடிச் சென்றனர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. பயணச்சீட்டைப் பிறர் எடுத்துக் கொடுக்க, வாழ்வில் முதன்முறையாக விமானமேறும் தொழிலாளி, தமக்கெனக் குறிக்கப்பட்ட இலக்கத்தைத் தேடி அமர்வதன்றி வேறெதையும் தெரிவதில்லை. இந்நூற்றாண்டில் ஆசனத் தெரிவே தனிக் கட்டணத்துக்குரிய பண்டமாகியபின் இவ்வேறுபாடு மேலும் விரிந்தது. கட்டணம் செலுத்தாத தாயும் பிள்ளையும் வெவ்வேறு வரிசைகளில் அமர்த்தப்படும் நிலையும் ஏற்பட்டது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோருள் ஒருவருடனேனும் அமர்த்துமாறு 2024இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் நிறுவனங்களைப் பணித்தது. சந்தை தானாகச் செய்யாததைச் சட்டம் செய்விக்க நேர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

விமானத்தில் ஆசனத்துக்கு இலக்கம் உண்டு, பட்டி உண்டு, ஏற்றத்தக்க பாரத்துக்கு வரம்பு உண்டு. ஆசனம் தாங்கவேண்டிய அதிர்ச்சியின் அளவு 1988இல் அமெரிக்க விதிகளால் ஈர்ப்பின் பதினாறு மடங்காக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு விபத்தும் ஆராயப்பட்டு விதியாக மாறியதனாலேயே இந்நிலை கைகூடியது. 2021 நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை முடிவுறாதிருந்த காலத்தில், களப்பைக் கடந்த படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலை செல்லும் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். சில நூறு மீற்றர் நீரைக் கடப்பதற்கு அவர்கள் ஏறிய ஊர்தியில் ஆசன இலக்கமும் இல்லை, இடுப்புப் பட்டியும் இல்லை. அவ்வூரவர் ஒருவர் வளைகுடாவுக்கு ஆயிரக்கணக்கான மைல் பறக்கையிற் பெறும் பாதுகாப்பு, அவருடைய பிள்ளை பாடசாலைக்குச் செல்லும் வழியிற் கிட்டவில்லை.

சிறந்த ஆசனத்தைத் தேடுதல் பிரயாணிக்கு உரியதே. இறக்கையை ஒட்டிய அமைதியும், நடைவழியின் வசதியும், கதவின் அண்மையும் அறிந்து தெரியத்தக்கவை. ஆயினும் வரலாறு காட்டும் முறையில் நோக்கின், நல்ல ஆசனம் மோசமான ஆசனம் என்னும் வேறுபாட்டுக்கு முன்னதாக, எந்த ஆசனத்தில் இருந்தாலும் கரைசேரலாம் என்னும் உறுதி நிலைநாட்டப்பட்டிருத்தல் வேண்டும். வானத்தில் அவ்வுறுதியை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கால விதிமுறைகள் ஈட்டித்தந்துள்ளன. அதே கண்டிப்பு களப்பின் துறைகளுக்கும் வந்து சேர்தல் வேண்டும்.